ஐந்தாவது கிலோமீட்டர்

முதலில் நீளமாக ஒன்று. அது அடங்குவதற்குள் வெட்டினாற்போல் இன்னொன்று. நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, அந்த விசில் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. மாடியில் நான் தமிழ் வகுப்பு எடுத்துக்கொண்டிருப்பேன். கீழே மைதானத்தில் மங்கை ஊதுவாள். அறுபது பெண்களும் ஒரே நேரத்தில் ஜன்னல் பக்கம் திரும்புவார்கள். நான் சொல்லிக்கொண்டிருந்த வரி பாதியில் தொங்கும். திரும்பி என்னைப் பார்க்கிற முகங்களில் பாட்டு இருக்காது. வெயில்தான் இருக்கும்.

உட்காருங்கள். அந்தப் பை காலில் தட்டும், இப்படித் தள்ளி வைத்துவிடுகிறேன். ஓட்டப் பந்தயம் நடத்துவது எப்படி என்று கேட்க வந்தால் இந்தக் கிழவி விசிலைப் பற்றிப் பேசுகிறாளே என்று பார்க்கிறீர்கள். அங்கிருந்துதான் வர வேண்டும். உங்கள் பெயர் ரெஜினா, சரிதானே? போனில் சொன்னீர்கள். புதுக்கோட்டையில் எந்தப் பக்கம்? கீழ ராஜ வீதியா? சரி, சரி. சும்மாதான் கேட்டேன்.

நோட்டு கொண்டுவந்திருக்கிறீர்கள், நல்லது. எழுதிக்கொள்ளுங்கள். முதல் பாடம், சட்டையில் எண் குத்துவதற்கு ஊக்கு ஆளுக்கு நான்கு வேண்டும். நாங்கள் இரண்டுதான் கொடுத்தோம். எங்கள் ஊர்ப் புது ஆற்றங்கரைக் காற்றில் எண்ணெல்லாம் பட்டம் மாதிரி எழும்பி முகத்தில் அடித்தது. இரண்டாவது, வாழைப்பழத்தை முதல் நாளே சீப்பிலிருந்து பிரித்து வைக்காதீர்கள், கறுத்துவிடும். மூன்றாவது... இருங்கள், அடுப்பை அணைத்தேனா என்று பார்த்துவிட்டு வருகிறேன்.

அணைத்துத்தான் இருக்கிறது. எதில் விட்டேன்? ஆம், எங்கள் ஓட்டம். நாலு வருஷம் முன்பு, தை மாதம். இங்கே ஏழைகளுக்கு இலவசமாக டயாலிசிஸ் செய்கிற சின்ன ஆஸ்பத்திரி ஒன்றுக்கு மெஷின் வாங்கித் தர வேண்டும் என்று எங்கள் கல்லூரிப் பழைய மாணவிகள் சங்கத்தில் முடிவு செய்தோம். நான் தலைவி. கல்லூரி வாசலில் தொடங்கி ஆற்றங்கரைச் சாலையில் ஐந்து கிலோமீட்டர் போய், ஒரு பாலத்தடியில் திரும்பி, அதே வழியில் வந்து சேர வேண்டும். பத்து கிலோமீட்டர். அறுநூற்று நாற்பது பேர் பெயர் கொடுத்தார்கள். உதவிக்கு நாற்பத்து மூன்று பேர். யாருக்கும் சம்பளம் கிடையாது. எல்லோரும் படித்தவர்கள், எல்லோருக்கும் வாய் உண்டு.

நான் இருபது வருஷம் பல்கலைக்கழகத் தேர்வுக்குத் தலைமைக் கண்காணிப்பாளராக இருந்தவள் அம்மா. ஒரு தாள் வெளியே போனதில்லை. ஒரு பெண் காப்பியடித்ததில்லை. அடித்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். எந்த ஹாலுக்கு யார் காவல் என்பதைக் காலையில் சீட்டெடுத்துத்தான் சொல்வேன். முன்கூட்டிச் சொன்னால் ஒருத்தி மின்விசிறிக்கு அடியில் கேட்பாள், இன்னொருத்தி மாடி ஏற மாட்டேன் என்பாள். ஓட்டத்துக்கும் அதையே செய்தேன். நாற்பத்து மூன்று கவர். உள்ளே யாருக்கு எந்த இடம், என்ன வேலை என்று ஒரு சீட்டு. கவரை ஒட்டி, மெழுகுவத்தி ஏற்றி, அரக்கு வைத்து முத்திரை குத்தினேன். ஓட்டத்தன்று காலை ஐந்து மணிக்குத்தான் பிரிக்க வேண்டும். அதற்கு முன் பிரித்தால் செல்லாது.

சிரிக்கிறீர்கள். மங்கையும் சிரித்தாள்.

மங்கையர்க்கரசி எங்கள் கல்லூரி உடற்பயிற்சி ஆசிரியை. நான் சேர்ந்த வருஷமே அவளும் சேர்ந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கையில் வாட்சைத் தவிர நகை கிடையாது. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் பித்தளை விசில். பெண்கள் அவள் பின்னாலேயே சுற்றுவார்கள். என்னிடம் படித்தவர்களும்தான். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தால் முதலில் மைதானத்துக்குப் போய் அவளுக்கு வைத்துவிட்டுத்தான் மாடிக்கு வருவார்கள். எனக்கு அதில் ஒன்றுமில்லை. வெயில் ஏறுவதற்கு முன் மைதானத்துக்குப் போவதுதானே வசதி.

எனக்கு நெருங்கிய சிநேகிதி அவள். அவளுக்கும் நான்தான். நான் தமிழ் எடுப்பவள் என்பதால் என்னைப் "புலவரே" என்பாள். கேலிதான். ஓய்வு பெற்ற பிறகும் தினம் சாயங்காலம் வந்துவிடுவாள், நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கிற அந்த நாற்காலிக்கு. ஒரு நிமிஷம் அசையாமல் இருக்க மாட்டாள், காலை ஆட்டிக்கொண்டே இருப்பாள். "நில்லேன் மங்கை" என்பேன். இப்போது பாருங்கள், நான்தான் எழுந்து எழுந்து நடக்கிறேன்.

ஓட்டம் பற்றி முதல் கூட்டம் போட்டபோது அவள் எழுந்து நின்றாள். "நான் ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். எந்த வேலை குடுத்தாலும் செய்யிறேன். ஓட்டத்த மட்டும் நான் விசில் ஊதி ஆரம்பிச்சு வைக்கிறேன்" என்றாள். முப்பத்தொரு வருஷம் விளையாட்டு விழா நடத்தியவள். சுண்ணாம்புக் கோடு போடுவது அவள், பெண்களைத் தயார் செய்வது அவள், மயங்கி விழுந்தவளைத் தூக்குவது அவள். தொடங்கி வைப்பது மட்டும் வேறு யாராவது. ஒரு வருஷம் விருந்தினர் கொடி அசைப்பார், ஒரு வருஷம் முதல்வரம்மா பலூன் விடுவார், ஒரு வருஷம் ஆண்கள் கல்லூரியிலிருந்து ஒருவர் துப்பாக்கியோடு வருவார். அன்றைக்கு மட்டும் அவள் விசில் கழுத்தில் சும்மா தொங்கும்.

"பார்க்கலாம்" என்றேன். எல்லோருக்கும் சீட்டு என்று சொல்லிவிட்டு ஒருத்திக்கு மட்டும் விலக்குக் கொடுத்தால் மற்ற நாற்பத்திரண்டு பேரும் விடுவார்களா? நீங்களே சொல்லுங்கள்.

யார் திரும்பினார்கள், யார் பாதியில் வந்துவிட்டார்கள் என்று தெரிய வேண்டுமே. அதற்கு ஒரு யோசனை செய்தேன். திரும்புமிடத்தில் நிற்பவர் ஓடி வருகிறவர்களின் மணிக்கட்டில் ஒரு சிவப்பு ரப்பர் பேண்ட் மாட்டிவிட வேண்டும். கையில் ரப்பர் பேண்ட் இருந்தால்தான் மெடல். செலவில்லாத வழி. நீங்களும் செய்யலாம். யோசனை மங்கை சொன்னதுதான், சிவப்பு என்று சொன்னது நான்.

அன்று காலை ஐந்து மணி. கல்லூரி வாசல் விளக்கடியில் எல்லோரும் கவரைப் பிரித்தார்கள். அரக்கு உடைகிற சத்தம், வறுத்த கடலையை மென்றாற்போல. பிறகு ஒரே கூச்சல். முட்டி தேய்ந்த வரலாற்றுப் பேராசிரியைக்குச் சைக்கிளில் போய்க் கண்காணிக்கிற வேலை. சைக்கிள் ஓட்டத் தெரிந்தவளுக்கு நாற்காலியில் உட்கார்ந்து பெயர் சரிபார்க்கிற வேலை. எங்களிடம் படித்துவிட்டு டாக்டராகி வந்திருந்த பெண் ஒருத்திக்குப் பைகள் வைக்கும் அறைக் காவல். "மேடம், நான் ஆம்புலன்ஸ் கிட்ட இருக்கட்டுமா?" என்று கேட்டாள். "சீட்டில் என்ன வந்ததோ அதுதான்" என்றேன். ஒன்றை மாற்றினால் நாற்பத்து மூன்றும் மாறும்.

மங்கை தன் சீட்டைப் படித்தாள். மடித்து விசில் கயிற்றுக்குள் செருகினாள். என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்: "அஞ்சாவது கிலோமீட்டரா புலவரே? நான் ஊதினா உனக்குக் கேக்காத தூரமாப் பாத்துப் போட்டிருக்கே."

"சீட்டு மங்கை. நானா எடுத்தேன்?" என்றேன்.

"நீயா எடுக்கல" என்று சொல்லிவிட்டு, ரப்பர் பேண்ட் டப்பாவை வாங்கிக்கொண்டு ஒரு மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறிப் போய்விட்டாள். கோபமில்லை. சிரித்துக்கொண்டுதான் போனாள். எனக்கு என்னவோ அந்தச் சிரிப்பே பிடிக்கவில்லை.

தண்ணீர் குடிக்கிறீர்களா? வேண்டாமா? நான் குடித்துக்கொள்கிறேன்.

ஆறு மணிக்குத் தொடக்கம். சிறப்பு விருந்தினர் ஓர் ஓய்வுபெற்ற நீதிபதி. கையில் கொடியைக் கொடுத்தோம், கூடவே மைக்கையும் கொடுத்துவிட்டோம். அது ஒரு தப்பு, குறித்துக்கொள்ளுங்கள். அவர் உடல்நலம் பற்றி ஆரம்பித்துத் தன் இளமைக்காலத்துக்கு வந்திருந்தார். அறுநூறு பேர் குளிரில் காலை மாற்றி மாற்றி நிற்கிறார்கள். முனையில் போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர் டவுன் பஸ் ஒன்றை நிறுத்துவதற்காக விசில் ஊதினார். அவ்வளவுதான். அத்தனை பேரும் பாய்ந்துவிட்டார்கள்! நீதிபதி கையில் கொடி, வாயில் பாதி வாக்கியம். போலீஸ்காரர் பயந்துபோய் இன்னொரு தடவை ஊதினார், இன்னும் வேகமாக ஓடினார்கள். ஓடுகிறவர்கள் விசிலுக்குத்தான் ஓடுவார்கள் போலிருக்கிறது. எனக்கு அது தெரியாது. தெரிந்தவள் ஐந்து கிலோமீட்டர் தள்ளி நின்றுகொண்டிருந்தாள்.

தனியாக நின்றுகொண்டிருந்தாள். ரப்பர் பேண்ட் மாட்டுவதற்கு எதற்கு இரண்டு பேர் என்று நினைத்தேன். ஒரு ஹாலுக்கு ஒரு கண்காணிப்பாளர், அதுதான் கணக்கு.

ஏழு மணி இருக்கும். முதலில் வந்தவர்கள் திரும்பி வந்து சேர்ந்துவிட்டார்கள். நீதிபதிக்குச் சால்வை போட மேடையில் நிற்கிறேன். கைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். மங்கை. வைத்துவிட்டேன். மறுபடியும் அதிர்ந்தது. மறுபடியும். மூன்று தடவை. மேடையில் நின்று போன் பேச முடியுமா அம்மா? அதுவும் அவள் ஒன்றுமில்லாததற்கெல்லாம் கூப்பிடுகிறவள். மைதானத்தில் மயில் வந்திருக்கிறது என்று கூப்பிடுவாள். தன்னை அங்கே போட்டதற்கு ஏதோ நையாண்டி செய்யப் போகிறாள் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன்.

ஆம்புலன்ஸ் எங்கே என்று கேட்கிறீர்களா? வாசலில், மேடைக்குப் பக்கத்தில். தேர்வு நாளிலும் வண்டி வாசலில்தான் நிற்கும். போட்டோவிலும் நன்றாக விழும் என்று யாரோ சொன்னார்கள். யாரோ இல்லை, நான்தான்.

அங்கே நடந்தது இதுதான். வாசுகி என்று ஒரு பெண், நாற்பது நாற்பத்தைந்து வயது, ரேஷன் கடையில் எடை போடுகிறவள். அவள் புருஷன் அதே ஆஸ்பத்திரியில் வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ் செய்துகொண்டிருந்து, போய்ச் சேர்ந்துவிட்டார். அவருக்காக ஓடுகிறேன் என்று பெயர் கொடுத்தாளாம். சர்க்கரைக்காரி. ஒன்றும் சாப்பிடாமல் வந்திருக்கிறாள், விரதம் மாதிரி. திரும்புமிடத்துக்கு வந்து கையை நீட்டினாள். மங்கை ரப்பர் பேண்டை மாட்டினாள், மாட்டின கையை விடவில்லை. கை ஜில்லென்று நனைந்திருந்ததாம். "உக்காரு தாயி" என்று சொல்வதற்குள் சாய்ந்துவிட்டாள். அந்த இடத்தில் தண்ணீர்ப் பானை தவிர ஒன்றும் கிடையாது. சர்க்கரை கிடையாது, ஆள் கிடையாது. மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, அவ்வழியே வந்த பால் வண்டியைச் சாலைக்கு நடுவில் நின்று, விசில் ஊதி நிறுத்தியிருக்கிறாள். நீளமாக ஒன்று, வெட்டினாற்போல் ஒன்று. வண்டிக்காரரும் அவளும் வாசுகியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. அதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். தெரியாது.

எனக்குத் தெரிந்தது பூக்காரிகள் விஷயம்தான். பூ மார்க்கெட்டிலிருந்து பதினொரு பேர், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நடக்க வந்திருந்தார்கள். அவர்கள்தான் கடைசி. பாலத்துக்கு வந்தபோது திரும்பச் சொல்ல ஆளில்லை. அவர்கள் பாட்டுக்குப் போய்விட்டார்கள். ஒன்பது மணிக்குக் கல்லூரி வாசலில் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக மேடைக்கு வந்தார்கள், மெடல் கேட்டு.

"பஸ்ஸில் வந்தவர்களுக்கு மெடல் கிடையாது" என்றேன்.

அவர்களுக்குத் தலைவி தனக்கோடி என்று ஒருத்தி. "ஏம்மா, பத்துக் கிலோமீட்டர்னுதானே சொன்னீங்க? அடுத்த ஊரு மாரியம்மன் கோயிலு வரைக்கும் போயிருக்கோம். பத்து ஆச்சு. நேரா நடந்தா என்ன, திரும்பி நடந்தா என்ன? காலு ஒண்ணுதானே?" என்றாள்.

"கையில் ரப்பர் பேண்ட் இல்லையே."

"மாட்டிவிட ஆள் வச்சீங்களா நீங்க? அங்க ஒரு பானைதான் இருந்துச்சு. பானைகிட்ட கையை நீட்டச் சொல்றீங்களா?"

கூட்டம் சிரிக்கிறது. நீதிபதியும் சிரிக்கிறார். இருபது வருஷம் ஒரு தாள் வெளியே போகாமல் காத்தவள் நான். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. மைக்கை வாங்கினேன். தெளிவான தமிழில்தான் சொன்னேன். "திரும்புமிடத்துப் பொறுப்பாளர் தம் இடத்தை விட்டு அகன்றதால் ஏற்பட்ட குழப்பத்துக்கு வருந்துகிறோம். பொறுப்பை ஏற்றவர்கள் பொறுப்போடு இருந்திருக்க வேண்டும்." இரண்டே வாக்கியம். பெயர் சொல்லவில்லை. பெயர் சொல்லவில்லை அம்மா, நான்.

அங்கே யார் நிற்கிறார்கள் என்று தெரியாதவர் யார்? நாலு ஒலிபெருக்கி வைத்திருந்தோம். அந்த வாக்கியம் தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. அது அடங்கும்போது கூட்டம் விலகியது, மங்கை வந்தாள். செருப்பில்லை. புடவையெல்லாம் பால். கேட்டிருக்கிறாள், முழுக்கக் கேட்டிருக்கிறாள். மேடைக்கு ஏறவில்லை. கீழே நின்றபடியே ரப்பர் பேண்ட் டப்பாவை மேஜைமேல் வைத்தாள்.

"புலவரே, மீதிய எண்ணிப் பாத்துக்க. வந்தவங்களுக்கும் இதுக்கும் ஒண்ணு ஒதைக்கும். அது வாசுகின்னு ஒருத்தி கையில இருக்கு. ஐ.சி.யூ.வுல அவுத்துத் தாங்கன்னு கேட்டேன், நர்ஸ் தரல."

அவ்வளவுதான். போய்விட்டாள். பைகளுக்குக் காவல் இருந்த அந்த டாக்டர்ப் பெண் அவள் பின்னாலேயே ஓடினாள். பாதித் தொண்டர்கள் ஓடினார்கள். என் கையில் மைக் இருந்தது.

தனக்கோடி என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அவங்கதானா அந்த ஆளு?"

பூக்காரிகளுக்கு மெடல் கொடுத்துவிட்டேன். பதினொன்றும்.

வாசுகி பிழைத்துக்கொண்டாள். பத்து நிமிஷம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஏதோ சொன்னாராம். மெஷினும் வாங்கியாயிற்று, ஓடிக்கொண்டிருக்கிறது, போனால் பார்க்கலாம். ஓட்டம் வெற்றி என்றுதான் பத்திரிகையில் வந்தது. என் போட்டோவும் வந்தது, பின்னால் ஆம்புலன்ஸ்.

மங்கையிடம் போய்ப் பேசினீர்களா என்றா? பேசுவதற்கு என்ன இருக்கிறது? இடத்தை விட்டுப் போகும்போது யாரிடமாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும், அது பொது விதி. சொல்லத்தான் மூன்று தடவை கூப்பிட்டாள் என்பது... சரி. நான் ஒரு பக்கமும் சேராமல் சொல்கிறேன், இரண்டு பேர் மேலும் தப்பு இருக்கிறது. அவள் சாயங்காலம் வருவதை நிறுத்திவிட்டாள். நானும் அவள் வீட்டுப் பக்கம் போகவில்லை. நாலு தெரு தள்ளித்தான் வீடு. சித்திரையில் ஒரு நாள் காலை போன் செய்தாள். அன்றைக்கு முதல் மணியிலேயே எடுத்துவிட்டேன்.

"புலவரே, வீட்டக் காலி பண்ணிட்டேன். தம்பி வீட்டோட போறேன். பஸ் ஏறியாச்சு" என்றாள்.

"சரி" என்றேன்.

ஒரு வார்த்தை பாருங்கள், எவ்வளவு சின்னது. முப்பத்து நாலு வருஷம் தமிழ் சொல்லிக் கொடுத்த வாய்க்கு வேறு வார்த்தை வரவில்லை.

இருங்கள், ஜன்னலைச் சாத்துகிறேன். எதிரே கல்லூரி மைதானத்தில் பிள்ளைகள் கத்துகிறார்கள். இப்போதெல்லாம் அங்கே யாரும் விசில் ஊதுவதில்லை. கைதட்டுகிறார்கள்.

என்ன கேட்டீர்கள்? அந்தச் சீட்டா? குலுக்கித்தான் போட்டேன். சொன்னேனே. பேரையெல்லாம் ஒரு டப்பாவில், இடத்தையெல்லாம் ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கி, இதில் ஒன்று அதில் ஒன்று எடுத்து எழுதினேன். நாற்பத்திரண்டு பேருக்கு.

மங்கையுடையதை முதலிலேயே எழுதி ஒட்டிவிட்டேன்.

எழுதாதீர்கள், பேனாவைக் கீழே வையுங்கள். நாலு வருஷமாக யாரும் கேட்கவில்லை. நீங்கள் ஏன் கேட்டீர்கள்? என்னிடம் படித்த அத்தனை பெண்களும் அன்று காலை வாசலில் நிற்பார்கள், அவள் ஊதுவாள், எல்லா முகமும் மறுபடியும் அந்தப் பக்கம் திரும்பும் என்று... எழுபது வயதில் இது ஒரு காரணமா? கடைசியில் ஒரு போலீஸ்காரருக்குத் திரும்பினார்கள்.

அந்த மூன்றாவது பாடம். எழுதிக்கொள்ளுங்கள், இது எழுத வேண்டியது. திரும்புமிடத்தில் இரண்டு பேர். சர்க்கரைத் தண்ணீர், ஒரு வண்டி. யாருக்கு என்ன தெரியுமோ அந்த வேலை. கவர் வேண்டாம், அரக்கு வேண்டாம். யார் கூப்பிட்டாலும் போனை எடுக்க வேண்டும், மேடையில் யார் நின்றாலும்.

அப்புறம், உங்கள் ஓட்டத்தைத் தொடங்கி வைக்க யாரையும் தேடாதீர்கள். மங்கை உங்கள் ஊரில்தான் இருக்கிறாள். ஆம், புதுக்கோட்டையில்தான், தம்பி வீடு. போனில் ஊர்ப் பெயர் சொன்னபோதே எனக்குத் திக்கென்றது. கீழ ராஜ வீதியிலிருந்து நடந்து போகிற தூரம்தான் என்று வாசுகி சொல்கிறாள். வாசுகிதான் மாதம் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு, வரும் வழியில் இங்கேயும் வந்து தகவல் சொல்வாள். முகவரி எழுதித் தருகிறேன். இந்தப் பையும் அதற்குத்தான் வாசலில் இருக்கிறது. இருபது நிமிஷத்துக்கு ஒரு பஸ். போன ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையும். நாளைக்குப் போய்விடுவேன் என்று நினைக்கிறேன்.

நீங்கள் முந்திக்கொண்டு போனால் கொடியைக் கொடுங்கள், அசைப்பாள். வலது கை நன்றாக இருக்கிறது. தடியூன்றித் தெருக்கோடி வரைக்கும் நடக்கிறாளாம். விசில் மட்டும் கொடுக்காதீர்கள். போன ஐப்பசியில் பக்கவாதம் வந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, உதடு கூடவில்லை, காற்று வெளியே போய்விடுகிறது.